தந்தையாரின் வண்டியும் ஒரு பிடித் துருவும்

இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இரா என்பது பழமொழி. என் தந்தையார் இரும்பு பிடித்தவர். பட்டறையில் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றே நாற்பது ஆண்டுகளைக் கழித்தவர். நானோ பேனா பிடித்தவன். மைய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளுக்கிடையே வாழும் எழுத்தன். அத்தகைய நான், பெட்ரோல் தொட்டியில் படிந்த துருவைப் பற்றி எழுதப் புகுவது அன்பர்களுக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் அந்தத் துரு எனக்குச் சொன்ன செய்தி ஒன்றுண்டு.

நெல்லைச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்து, தாராவியில் ஓர் அறையில் எழுவரோடு எட்டாமவராய்த் தங்கி, பிறகு செம்பூரில் குடியேறிய என் தந்தையார், 1988ஆம் ஆண்டு ஒரு பழைய வண்டியை வாங்கினார். அது 1974ஆம் ஆண்டு உருவான பிரீமியர் பத்மினி. வால்சந்த் ஹீராசந்த் 1944ஆம் ஆண்டு நிறுவிய பிரீமியர் நிறுவனம், இத்தாலிய நாட்டு பியட் 1100 வண்டியைத் தழுவிக் குர்லா ஆலையில் செய்தளித்த வண்டி அது. 1089 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட எஞ்சின். ஸ்டியரிங் தண்டிலேயே கியர். அது பிறந்த குர்லாவும் நாங்கள் வாழும் செம்பூரும் சில கல் தொலைவே. ஆதலின் எங்கள் வண்டியைத் தந்தையார் ‘உள்ளூர்ப் பெண்’ என்றே சொல்லுவார்.

2018ஆம் ஆண்டு பக்கவாதம் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. வண்டி கட்டடத்தின் முன்னிருந்த பாதாம் மரத்தடியில் நின்றது. ஒருநாள் அவர் என்னை அருகழைத்து, குழறிய நாவால், “டாங்க்கை நெறச்சு வையிடே. பாதியில விடாத” என்றார். இனி வண்டியோட்ட இயலாது என்பதை அவர் மனம் ஏற்கவில்லை போலும் என்று நான் இரங்கினேன். “சரிப்பா” என்றேன், நிறைக்கவில்லை. ஓடாத வண்டிக்கு முப்பது லிட்டர் பெட்ரோல் எதற்கு என்பது என் கணக்கு. மறு ஆண்டு அவர் மறைந்தார்.

அதன் பின்னர் ஞாயிறுதோறும் நானே வண்டியைத் துடைத்தேன், கண்ணாடியைக் கழுவினேன், மெழுகிட்டு மெருகேற்றினேன். கண்டவரெல்லாம், தந்தையின் பொருளை இவ்வாறு போற்றும் பிள்ளை உண்டோ எனப் பாராட்டினர். நானும் அதனை நம்பினேன்.

2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் செய்தித்தாளில் ஒரு படம் வந்தது. மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சி 2003ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் பதிவானது. டாக்சிக்கு விதித்த 20 ஆண்டு வரம்பு முடிந்ததால், இனிக் கறுப்பும் மஞ்சளுமான அந்த வண்டிகள் சாலையில் இரா என்பது செய்தி. அம்மா அதனை இருமுறை படித்துவிட்டு, “ஏய்யா, நம்ம வண்டி ஓடுமா? பொங்கலுக்கு அதுல மாட்டுங்காவுக்குப் போயி கரும்பும் மஞ்சக்கொலையும் வாங்கணும்” என்றார்.

புதிய பேட்டரி பூட்டி, ஐந்து லிட்டர் பெட்ரோல் ஊற்றினேன். எஞ்சின் உயிர்பெற்றது, எனக்குப் பெருமிதம் தாளவில்லை. ஆனால் சயான் நோக்கிச் செல்லும் வழியில், பாலத்தின் ஏற்றத்திலேயே வண்டி இருமி நின்றது. ஐந்து நிமிடம் கழித்துத் தானே கிளம்பியது. அரைக் கல் சென்று மீண்டும் நின்றது. ஒரு பட்டறையில் கார்புரேட்டரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். மற்றொன்றில் பெட்ரோல் பம்பை மாற்றச் சொன்னார்கள், அதையும் மாற்றினேன். பணம் கரைந்ததேயன்றி நோய் தீரவில்லை. “டாக்சிகளை உடைக்கிறாங்க, இதையும் எடைக்குப் போட்டுருவோம்” என்றான் தம்பி.

இறுதியில் தாராவியில் தகர வேலை செய்யும் முதியவர் ஒருவரிடம் சென்றேன். நான் சொன்னதைக் கேட்டு, எஞ்சினைத் திறந்தும் பாராமல், “தம்பி, வண்டி நின்னு கொஞ்ச நேரத்துல தானா கிளம்புதுன்னா அது டாங்க்” என்றார். எஞ்சின் இழுக்கும்போது துருத்தூள் எழுந்து உறிஞ்சு குழாயின் வாயை அடைக்கும். எஞ்சின் நின்றதும் இழுப்பற்று அத்தூள் மீண்டும் அடியில் படியும். வழி திறக்கும் என விளக்கினார்.

தொட்டியைக் கழற்றிக் கவிழ்த்தோம். வார்னிஷ் நாற்றத்தோடு கரிய நீர்மம் வடிந்தது. அதன் பின்னே செம்மண் குழம்பு போன்ற துரு. அண்ணாச்சி தம் பீடிக்கட்டைத் தெருமுனைக் கடையில் கொடுத்துவிட்டே அருகில் வந்தார். நிறைந்த தொட்டியினும் வெறுந்தொட்டியே ஆபத்தானது, தீப்பற்றி வெடிப்பது அதில் தங்கும் ஆவியே என்பது அவர் பாடம். தொட்டியைப் பலமுறை நீரால் அலசி இரு நாட்கள் திறந்து வைத்தார். பின்பு பழைய நட்டுகளையும் ஒரு துண்டுச் சங்கிலியையும் உள்ளே இட்டு, சாக்கில் சுற்றி, நானும் அவரும் இருபுறமும் பற்றித் தொட்டிலாட்டுவதுபோல் ஆட்டினோம். மேலே படிந்த துரு உதிர்ந்தது. ஒட்டியிருந்ததைக் கரைக்க, எலுமிச்சை உப்பை வெந்நீரில் கலந்து ஓர் இரவு நிறைத்து வைத்தார். கடுமையான அமிலம் துருவோடு நல்ல தகட்டையும் தின்றுவிடுமாம்.

இதனைக் கேட்ட அம்மா, “வெங்கலப் பானைக்கு நான் புளி போடுற மாதிரிதான?” என்றார். அம்மாவின் அடுக்களையும் அண்ணாச்சியின் பட்டறையும் ஒரே அறிவைக் கொண்டவை என்பது பி.ஏ. படித்த எனக்கு அன்றுதான் விளங்கிற்று. அக்காலத்துப் பெட்ரோல் தொட்டிகள் பல, காரீயமும் வெள்ளீயமும் கலந்து பூசிய தகட்டால் ஆனவை. பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுவது போன்றதே அது. பூச்சு தேய்ந்த இடத்தில் துரு புகும்.

மறுநாள் சமையல் சோடா கரைத்த நீரால் புளிப்பை முறித்துக் கழுவி, ஈரம் தங்கினால் ஒரு மணியிலேயே புதுத்துரு பூக்கும் என்பதால் உடனே சூடான காற்றைச் செலுத்தி உலர்த்தினார். பிறகு தொட்டியை வெயிலில் தூக்கிப் பிடித்து, “பாருங்க” என்றார். உள்ளிருட்டில் மூன்று ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. மூன்றும் அடித்தகட்டின் ஓட்டைகள்.

“இது எப்படி வந்தது அண்ணாச்சி? மேலே ஒரு கீறல்கூட விழாமல் காத்தேனே” என்றேன்.

“மேல காத்து என்ன செய்ய? டாங்க்கைப் பாதியில விட்டிருக்கீங்க. பெட்ரோல் இல்லாத எடத்துல காத்து இருக்கும். காத்துல ஈரம் இருக்கும். ராத்திரி குளுந்தா அது தண்ணியா வேர்க்கும். தண்ணி பெட்ரோலை விடக் கனம். அடியில போயி உக்காரும். அஞ்சு மழைக்காலம் போதாதா? நெறச்சு வச்சிருந்தா இவ்வளவு ஆகாது.”

நான் பேச்சற்று நின்றேன். ‘நெறச்சு வையிடே’ என்றது மூப்பின் பேதைமை அன்று. நாற்பது ஆண்டு இரும்போடு பழகியவர் இறுதியாக எனக்குக் கற்பித்த தொழில். நாக்குக் குழறியதால் அறிவும் குழறியது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அந்தக் கடைசி ஆண்டில் அவர் சொன்ன வேறு எவற்றையெல்லாம் ‘சரிப்பா’ என்று சொல்லித் தள்ளினேனோ, நினைவில்லை. அவற்றைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்க்க வழியுமில்லை.

குர்லாவில் வேறு தொட்டி தேடலாம் என்றான் தம்பி. நான் இசையவில்லை. அண்ணாச்சியும், தகடு மற்ற இடங்களில் உறுதியாகவே இருக்கிறது என்றார். வெல்டிங் தீயை அருகில் விடாமல், தொட்டியைக் கவிழ்த்து ஓட்டைக்குச் சற்றுக் கீழ்வரை நீர் நிரப்பி, எட்டத்தில் காய்ச்சிய கோலால் மூன்று புள்ளிகளையும் ஈயப்பற்று வைத்து அடைத்தார். எண்ணெய் உறிஞ்சும் பழைய ரப்பர்க் குழாய்களையும் மாற்றச் சொன்னார். பெட்ரோலில் எத்தனால் கலக்கும் காலம் இது. 2025ஆம் ஆண்டில் அக்கலப்பு நாடெங்கும் 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. எத்தனால் நீரை ஈர்ப்பது. பழைய ரப்பருக்கும் ஆகாதது. ஆதலின் இவ்வகை வண்டி வைத்திருப்போர், நிறைத்து வைப்பதோடு நில்லாமல், அடிக்கடி ஓட்டிப் பெட்ரோலைப் புதுப்பித்தலும் வேண்டும்.

2024ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு முன்நாள், அம்மாவை முன்னிருக்கையில் அமர்த்தி மாட்டுங்கா சென்றேன். சயான் பாலத்தில் வண்டி இருமவில்லை. கரும்புக்கட்டு பின்கண்ணாடி வழியே நீட்டிக்கொண்டிருக்க, திரும்பும் வழியில் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினேன். “எவ்வளவு?” என்றான் பையன். நான் வாய் திறக்கும் முன் அம்மா, “புல்” என்றார்.

எஞ்சினருகே கண்ணாடி போன்ற சிறு வடிகட்டி ஒன்றை அண்ணாச்சி பொருத்தியிருக்கிறார். மாதம் ஒருமுறை அதனைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டிப் பார்க்கிறேன். ஒரு சிட்டிகைச் செந்தூள் இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.