இல்லாத கரைகள்

துருவப் பகுதிகளின் பழைய வரைபடங்களைச் சேர்க்கிறேன் என்றால், "அங்க வெறும் பனிதானே, வரைய என்ன இருக்கு?" என்பார்கள். இல்லாததை வரைந்திருக்கிறார்கள்; எனக்கு அதுதான் வேண்டும். மெர்காட்டர் இறந்த மறு ஆண்டு, 1595இல் வெளியான வரைபடத்தில் வடதுருவத்தின் நடுவே ஒரு கரும்பாறை, சுற்றி நான்கு தீவுகள். யாரும் போய்ப் பார்த்து வரைந்ததில்லை. அசல் வாங்க நம்மால ஆகாது. என்னிடம் இருப்பது நகல்தான்.

இப்படிப்பட்ட கற்பனைக்கு உயிரை விலையாகக் கொடுத்தவர்களும் உண்டு. ரேங்கல் நிலம் துருவத்தைத் தாண்டி கிரீன்லாந்து வரை நீள்கிறது என்று நம்பினார் ஜெர்மன் புவியியலாளர் ஆகஸ்ட் பீட்டர்மான். அந்தக் கரையை ஒட்டியே வடக்கே போய்விடலாம் என்று 1879இல் டி லாங் 'ஜீனெட்' கப்பலில் கிளம்பினார். அவரோடு சேர்த்து 33 பேர். கப்பல் பனியில் சிக்கி நகர்ந்தபோதுதான் தெரிந்தது, அது வெறும் தீவு. 1881இல் பனி கப்பலை நொறுக்கியது. டி லாங் உட்பட 20 பேர் வீடு திரும்பவில்லை.

அதனால்தான் பழைய வரைபடங்களில் கோடு முடிந்து வெறும் காகிதம் தொடங்கும் இடத்தில் கொஞ்சம் நின்றுவிடுகிறேன். "இதுக்கு மேல தெரியாது" என்று பேனாவை எடுத்துவிட ஒருத்தருக்குத் துணிச்சல் வேணும்.