பின்னிருக்கைக்குப் பின்னால்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்து, தாமிரபரணி கரைபுரண்டு தெருக்களில் நின்ற வாகனங்களையெல்லாம் மூழ்கடித்துப் போன பிறகு, திருநெல்வேலிச் சீமையில் பழைய கார் வாங்க நினைப்பவர் எவரும் அது வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று விசாரிக்காமல் முன்பணம் கொடுப்பது விவேகமாகாது. சிற்றாறு தாமிரபரணியோடு சங்கமமாகும் சீவலப்பேரியில் வாழை பயிரிடும் என் நண்பர், 2014ஆம் வருஷத்து டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் ஒன்றுக்கு விலை பேசியிருந்தார்; அதைப் பரிசோதிக்கப் பாளையங்கோட்டையிலுள்ள ஒரு சிறிய ஒர்க்‌ஷாப்புக்கு அவர் புறப்பட்டபோது நானும் உடன் சென்றேன்.

பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் இவ்வகை வண்டிகள் நம் நாட்டில் முன்பு சொற்பமே: 2008இல் ஹோண்டா சிவிக் ஹைபிரிடும், 2010இல் பிரியஸும் வந்தன; கேம்ரி 2013 முதல் கர்நாடகத்துப் பிடதியில் தயாரானது. யாழ்ப்பாணத்திலோ பிரியஸும் அக்வாவும் சர்வ சாதாரணம். அங்கே பலரும் அறிந்த ஹைபிரிட் பழுதுபார்க்கும் தொழில், நம் பக்கத்தில் இன்னும் சிலர் கையில்தான் இருக்கிறது.

அந்தச் சிலரில் ஒருவரான இளைஞர், பானட்டைத் திறக்கவேயில்லை. பின்கதவைத் திறந்து, இருக்கை பெல்ட்டைக் கடைசி முழம் வரை வெளியே இழுத்து, அதன் நுனியை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "மேல எல்லாத்தையும் கழுவிருவாங்க அண்ணாச்சி, இதுக்குள்ள வண்டல் நின்னா போகவே போகாது" என்றார். பெல்ட் சுத்தமாக இருந்தது. அடுத்து, பின்னிருக்கைப் பக்கத்துக் காற்றுத் துவாரத்தின் மூடியைக் கழற்றினார்; நூலும் ரோமமும் புழுதியும் கம்பளம் போல் அப்பியிருந்தன. வண்டிக்குள்ளிருக்கும் குளிர்ந்த காற்றை உறிஞ்சித்தான் பின்னிருக்கைக்குப் பின்னாலுள்ள மின்கலத் தொகுதி உஷ்ணம் தணிகிறது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்த வழி அடைபட்டால், எவ்வளவு உயர்ந்த கலமும் ஆயுள் முடியுமுன்னே சோர்ந்துபோகும்.

பிறகு ஸ்கேனரைப் பொருத்திக்கொண்டு சீவலப்பேரி சாலையில் ஓட்டினோம். அந்தக் கேம்ரியில் 34 கலத் தொகுப்புகள், இரண்டிரண்டாக 17 பகுதிகளாய்க் கண்காணிக்கப்படுகின்றன, மொத்தம் 244.8 வோல்ட். வண்டி நிற்கையில் பதினேழும் ஒரே அளவைத்தான் காட்டின. ஆனால் இளைஞர் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி வேகமெடுத்ததும், பதினாறு பகுதிகள் ஒருசேரத் தாழ, ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் சரிந்து, கால் எடுத்தவுடன் ஏறிவிட்டது. எச்சரிக்கை விளக்கு ஏதும் எரியவில்லையே என்றார் நண்பர். பிழைக் குறிகள் அழிக்கப்பட்ட பின் வண்டி ஓடிய தூரத்தையும் ஸ்கேனர் காட்டும் என்பதை அப்போதுதான் அறிந்தோம்: வெறும் 40 கிலோமீட்டர். விற்பவர் தரப்பில் யாரோ அண்மையில் அக்குறிகளை அழித்திருக்கிறார்கள்.

திரும்பி வந்ததும் உரிமையாளரின் சம்மதத்தோடு வண்டியை அணைத்து, ரப்பர் கையுறை மாட்டி, ஆரஞ்சு நிறப் பிடியுள்ள சர்வீஸ் பிளக்கை உருவித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தெரியாமல் வேறொருவர் அதைத் திரும்பச் செருகிவிடக் கூடாதென்பதே காரணம். இன்வெர்ட்டரின் கெபாஸிட்டரில் தங்கிய மின்சாரம் வடியப் பத்து நிமிஷம் ஒன்றும் செய்யாமல் காத்திருந்தார். உயிரைப் பறிக்கும் மின்னழுத்தத்தோடு பழகும் இந்தப் பொறுமைக்கு நம் மக்கள் கூலி கொடுக்கத் தயங்குகிறார்கள். லட்சக்கணக்கில் வண்டிக்குக் கொடுப்பவர், பார்த்துச் சொன்னவருக்கு டீக்காசு நீட்டுவது எனக்கு மிகுந்த வருத்தந்தரும் வழக்கம்.

மின்கலத் தொகுதியைத் திறந்தபோது, உள்ளே செப்புப் பட்டைகளில் பச்சை பூத்திருந்தது. நலிந்த அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று நண்பர் கேட்டார். "மாத்தலாம் அண்ணாச்சி. புதுசுக்கும் பழசுக்கும் ஒத்துப்போகாது. ஆறு மாசத்துல பக்கத்துல இருக்கது விழும். முழு செட்டு விலையைக் கழிச்சுக் கொடுத்தா வாங்குங்க, இல்லன்னா விடுங்க." உரிமையாளர் இணங்கவில்லை, பேரம் முறிந்தது. இளைஞர் கேட்ட கூலியை நண்பர் மறுபேச்சின்றிக் கொடுத்து, மதுரையில் இன்னொரு வண்டி இருப்பதாகச் சொன்னார். "அவங்க ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்குறதுக்கு முன்னாடி, விடியக்காலையிலயே போயிரணும்" என்றார் அந்த இளைஞர்.