கழுவுறது ஒருவர், புள்ளி போடுறது இன்னொருவர்

1996இல் ‘காதல் தேசம்’ பார்த்து அப்பாஸில் மயங்கின அக்காமார், கொஞ்ச வருசம் கழிச்சு அதே அப்பாஸை ஹார்பிக் போத்தலோட ரீவியில கண்டிருப்பினம். எங்கட வயசுக்காரர் கனபேருக்கு அவர் முதல்ல அறிமுகமானதே ரொய்லெட் கழுவ வந்த அண்ணாவாகத்தான். இந்தியத் தமிழ்ச் சனல்கள் கேபிளிலும் டிஷ்ஷிலும் வந்தபடியால், சீரியலுக்கு இடையில அவரும் எங்கட வீடுகளுக்குள்ள வந்துபோனார். அவரை வச்சுப் போட்ட மீம்ஸுக்கும் குறைவில்லை.

பகிடி எல்லாம் அப்பாஸைச் சுற்றியே ஓடினது. ஆனா அந்த விளம்பரங்களில் கவனிக்க வேண்டிய ஆள் அவருக்குப் பக்கத்தில நிக்கிற பெண். வீடு அவவுடையது. ஒவ்வொரு நாளும் அந்த ரொய்லெட்டைக் கழுவுறதும் அவதான். ஆனாலும் அதைப் பற்றி அவவுக்கு ஒண்டும் தெரியாது. வெளியில இருந்து வந்த ஆம்பிளை கறையைக் காட்டுவார், அவ வெட்கப்படுவா. அவர் போத்தலைச் சரிச்சு ஊத்துவார், அவ கண்ணை விரிப்பா. கழுவுற வேலை ஒருவருக்கு, கழுவுறதைப் பற்றின அறிவு இன்னொருவருக்கு.

இதை ஒருக்காப் பிடிச்சிட்டா மற்ற விளம்பரங்களிலும் தெரியத் தொடங்கும். மாமி பீங்கானைத் தூக்கி வெளிச்சத்தில பிடிச்சுப் பார்ப்பா. பக்கத்து வீட்டு அன்ரி, தன்ர மகன்ர வெள்ளைச் சேட்டை மற்றப் பிள்ளையின்ர சேட்டோட ஒப்பிடுவா. வந்த விருந்தாளி பாத்ரூமுக்குப் போக எழும்பினதும் வீட்டுக்காரியின்ர முகம் மாறும். பிறகு வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு ஆள் வருவார், அல்லது முகம் காட்டாத ஒரு ஆண் குரல் கடைசித் தீர்ப்பைச் சொல்லும். பள்ளிக்கூட மொழியில சொன்னா இது ஒரு பரீட்சை. எழுதுறது எப்பவும் அம்மா. புள்ளி போடுறது மாமி, அன்ரி, விருந்தாளி, டொக்டர். அப்பா பரீட்சை மண்டபத்துக்கே வாறேல்லை. அவர் சோபாவில இருந்து பேப்பர் பார்க்கிறார்.

இது புதுசாக் கண்டுபிடிச்ச விசயம் இல்லை. 1975இலேயே மக்ஆர்தர், ரெஸ்கோ எண்ட இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரங்களை எடுத்து ஆராய்ந்து எழுதியிருக்கினம். அவற்றில் ஆண்கள் பெரும்பாலும் பொருளைப் பற்றித் தெரிந்த நிபுணர்களாக வந்தார்கள், பெண்கள் பெரும்பாலும் அதைப் பாவிக்கிறவர்களாக வந்தார்கள். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழிஞ்சும் எங்கட ரீவியில அந்த ஏற்பாடு கலையேல்லை.

சீரியலுக்கும் சவர்க்காரத்துக்கும் உள்ள உறவு இன்னும் பழசு. 1933இல் அமெரிக்க வானொலியில் ‘மா பெர்கின்ஸ்’ எண்ட தொடர் நாடகம் தொடங்கினது. அதுக்குக் காசு குடுத்தது ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பனி. விற்க வேண்டியிருந்த சாமான் ஒக்சிடோல் எண்ட சவர்க்காரத்தூள். பகலில வீட்டு வேலையோட நிக்கிற பெண்களைக் கதையால பிடிச்சு வச்சு, இடையில தூளை விற்கிறதுதான் யோசனை. ‘சோப் ஒபரா’ எண்ட பேரே அப்படி வந்ததுதான். ஆக, இரவு எட்டு மணிக்கு எங்கட அம்மாக்களுக்கு முன்னால வாற விளம்பரம் தற்செயலா அங்க வந்து விழேல்லை.

விளம்பரம் முதல்ல ஒரு குறையைக் காட்டவேணும். குறை இல்லாட்டிப் போத்தல் எதுக்கு? ஆனா அந்தக் குறை சுவரிலயோ தரையிலயோ நிக்காது, பெண்ணில போய் ஒட்டும். பீங்கானில எண்ணெய் எண்டா ‘இவ நல்ல மருமகள் இல்லை’. தரையில கிருமி எண்டா ‘இவ பிள்ளையைக் கவனிக்காத தாய்’. கார்ட்டூன் கிருமிகள் பல்லைக் காட்டிச் சிரிக்க, பிள்ளை தவண்டு வரும். எந்தத் தாய்க்கு நெஞ்சு பதறாது? அந்தப் பதற்றத்துக்குப் பக்கத்திலதான் 99.9 எண்ட இலக்கம் வந்து நிக்கும்.

யாழ்ப்பாணத்தில வளர்ந்த எங்களுக்கு இதில இன்னொரு கேள்வியும் இருக்கு. குடாநாட்டின்ர அடி முழுக்கச் சுண்ணாம்புக்கல். கிணத்துத் தண்ணி கன இடங்களில வன்தண்ணி. கேத்திலின்ர உள்பக்கத்தைப் பார்த்தாலே விளங்கும். வெள்ளையாப் படிவு பிடிச்சிருக்கும். பைப் வாயிலும் ரொய்லெட் கோப்பையிலும் பிடிக்கிறது அதே படிவுதான். மழை பெய்து, கல்லுக்குள்ளால இறங்கி, கிணத்துக்கு வந்த தண்ணி விட்டுப்போன அடையாளம் அது. ஆனா ஆக்கள் வந்து பார்த்திட்டு, “வீட்டில ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருந்தும் இப்பிடியோ?” எண்டுதான் கேப்பினம். மண்ணின்ர குணம் மகளின்ர குணமாகிப் போகும்.

அந்தப் படிவை அமிலம் கரைக்கும். ஹார்பிக் மாதிரியான ரொய்லெட் திரவங்களில இருக்கிறது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அமிலம் இருக்கிற திரவத்தை பிளீச்சோட கலந்தா குளோரின் வாயு வரும். கதவு பூட்டின சின்னப் பாத்ரூமுக்குள்ள அது மூச்சுக்கு ஆபத்து. கழுவுற ஆளுக்கு முதல்ல தெரியவேண்டியது இதுதான். ஆனா இது போத்தலின்ர பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்தில கிடக்கும். விளம்பரத்தில வாற நிபுணர் மாமியின்ர பார்வையைப் பற்றி விளக்கமாச் சொல்லுவார், கையுறை போடச் சொல்லி ஒரு சொல் சொல்லார்.

‘இப்ப விளம்பரங்கள் மாறீட்டுது’ எண்டு சிலர் சொல்லலாம். மாறித்தான் இருக்கு. ஆனா என்ன மாறினது எண்டு பார்க்கவேணும்.

1980களில் இந்தியாவில நிர்மா எண்ட மலிவுத் தூள் சந்தையைப் பிடிச்சபோது, சர்ஃப் ‘லலிதாஜி’ எண்ட பாத்திரத்தை இறக்கினது. அதை உருவாக்கினவர் அலிக் பதம்ஸி, நடிச்சவர் கவிதா சௌத்ரி. லலிதாஜி வெட்கப்படமாட்டா. பேரம் பேசுவா, கணக்குப் பார்ப்பா, மலிவான சாமானும் நல்ல சாமானும் ஒண்டில்லை எண்டு எதிர்க்கேள்வி கேட்பா. ஒரு பெண்ணின்ர புத்தியை மதிச்ச விளம்பரம் அது. ஆனா அவவின்ர புத்தியும் கடைசியில போய் நிண்ட இடம் தூள் பெட்டிதான். பிறகு ‘கறை நல்லது’ வந்தது. சேத்தில விழுந்த பிள்ளைக்கு ஏச்சு விழேல்லை. பிள்ளைக்கு விடுதலை கிடைச்சது, நல்லது. ஆனா அந்தக் கறையைத் தோய்ச்சது ஆர்? அம்மாதான், இந்த முறை சிரிச்சுக்கொண்டு.

2022 டிசம்பரில விம், ‘ஆம்பிளையளுக்கு’ எண்டு ஒரு கறுப்புப் போத்தலைக் கொண்டுவந்தது. மிலிந்த் சோமன் விளம்பரத்தில வந்தார். உள்ளுக்க இருந்தது அதே திரவம். கனபேர் கேள்வி கேட்டபிறகு, அது பகிடிக்குச் செய்தது எண்டு கம்பனி சொன்னது. பகிடி எண்டே வைப்பம். மஞ்சள் போத்தல் பெண்ணுக்குரியது எண்டு எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிஞ்சிருந்தாத்தானே அந்தப் பகிடி விளங்கும்?

எங்களுக்குப் பிடிச்ச ஒண்டையும் சொல்லவேணும். ஏரியல் 2016இல் போட்ட விளம்பரத்தில, மகளின்ர வீட்டுக்கு வாற அப்பா ஒரு மூலையில இருந்து பார்க்கிறார். மகள் ஒபிஸ் கோலும் எடுத்து, தேத்தண்ணியும் குடுத்து, உடுப்பும் தோய்க்கிறா. மருமகன் ரீவி பார்க்கிறார். அப்பா மகளிட்ட மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதிவச்சிட்டு, தன்ர வீட்டுக்குப் போய் உடுப்புத் தோய்க்கத் தொடங்கிறார். பார்க்கக் கண் கலங்கும். முதன்முதலா அப்பாவும் பரீட்சை மண்டபத்துக்குள்ள வந்திட்டார். இதைச் செய்ததும் ‘மா பெர்கின்ஸ்’ காலத்துப் ப்ராக்டர் அண்ட் கேம்பிள்தான். வேலையைப் பங்குபோட்டாலும் தூள் அவையளின்ர தூளாத்தான் இருக்கவேணும். அதை மறக்காமல் கண்கலங்கினால் சரி.

பிரித்தானியாவில 2019 ஜூனில இருந்து, தீங்கான பால்நிலை வார்ப்புகளை விளம்பரங்களில காட்டக்கூடாது எண்டு விதி இருக்கு. பெண் வீட்டைத் துப்பரவாக்கிறதைக் காட்ட அங்க தடை இல்லை. வீட்டார் எல்லாரும் ஊத்தையாக்க, அதைத் துடைக்கிறது பெண்ணின்ர பொறுப்பு மட்டுமே எண்டு காட்டினாத்தான் பிரச்சினை. இந்த வித்தியாசம் முக்கியம். துப்பரவா இருக்கிறதில எங்களுக்கும் கோபம் இல்லை. ஒருவரே எழுதவேண்டிய பரீட்சையா அது ஏன் இருக்கு எண்டதுதான் எங்கட கேள்வி.

“சமூகத்தில இருக்கிறதைத்தானே விளம்பரம் காட்டுது” எண்டதும் நியாயமான மறுப்புத்தான். இந்தியாவின்ர 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 6 வயசும் அதுக்கு மேலயும் உள்ள பெண்களில் 81.2 வீதமானோர் ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யினம், ஆண்களில் 26.1 வீதம்தான். வேலை செய்தவர்களை மட்டும் எடுத்தாலும் பெண்களுக்கு 299 நிமிசம், ஆண்களுக்கு 97. விளம்பரம் இதைக் கண்டுபிடிக்கேல்லை. ஆனா ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அதே படத்தைக் காட்டி, ‘இதுதான் வழமை’ எண்டு எங்களுக்குப் பழக்குது.

எங்கட வீடுகளையே பாருங்கோ. “ஆக்கள் வருகினம்” எண்டு ஃபோன் வந்ததும் அக்காவின்ர கையில தும்புத்தடி, தம்பியின்ர கையில காசு. அவன் சைக்கிளில போய்ப் போத்தல் வாங்கிக்கொண்டு வந்தாச் சரி. கம்பஸுக்குப் போய்ப் போர்டிங்கில நிக்கேக்க எங்கட பெடியள் தங்கட உடுப்பைத் தாங்களே தோய்க்கினம், அறை கூட்டினம், ரொய்லெட்டும் கழுவினம். ஆக, ஏலாது எண்டில்லை. லீவுக்கு வீட்டுக்கு வந்ததும் பாக்கோட ஊத்தை உடுப்பு அம்மாவிட்டப் போகுது. ஒரு நாள் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வச்சா, “அவன் எனக்கு நல்ல உதவி” எண்டு அம்மா ஊருக்கே சொல்லுவா. அதே கோப்பையைத் தங்கச்சி கழுவினா அதுக்குப் பேரே இல்லை. கழுவாட்டித்தான் பேர்.

இதில ‘உதவி’ எண்ட சொல்லை முதல்ல விடலாம் எண்டு நாங்கள் நினைக்கிறம். எங்கட ஊத்தையை நாங்கள் கழுவுறது ஆருக்கும் செய்யிற உதவி இல்லை. ரொய்லெட் ஒரு கிழமை தம்பிக்கு, அடுத்த கிழமை அப்பாவுக்கு எண்டு பிரிச்சா, தூள் முடிஞ்சதைக் கவனிக்கிறதும் போத்தலின்ர பின்பக்கத்தை வாசிக்கிறதும் அவையளின்ர பொறுப்பாத்தான் இருக்கவேணும். அம்மா ஞாபகப்படுத்தத் தேவையில்லை. செய்து முடிஞ்சபிறகு அம்மா வந்து பார்த்துப் புள்ளி போடவும் தேவையில்லை. அந்த நேரம் அவ சீரியல் பார்க்கட்டும்.