போலீஸ் கேஸ் என்றால் நர்ஸ் என்ன செய்ய வேண்டும்?

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகக் கேரளத்துத் தோட்டங்களுக்குப் போகும். பூப்பாறைப் பக்கம் ஒரு ஜீப் கவிழ்ந்து, அடிபட்டவரைப் போடிக்குத் தூக்கி வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்தது கேரளம், ஆள் தமிழ்நாடு. எந்த ஸ்டேஷன் கேஸ்? இதைப் பேசி முடிப்பதற்குள் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும்.

இதற்கு உச்ச நீதிமன்றம் 1989-லேயே பதில் சொல்லிவிட்டது. பர்மானந்த் கட்டாரா வழக்கு. ஸ்கூட்டரில் போனவர் மீது கார் மோதியது. அருகிலிருந்த மருத்துவமனையில் போலீஸ் கேஸ் பார்ப்பதில்லை என்று சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறொன்றுக்கு அனுப்பினார்கள். வழியிலேயே இறந்துபோனார். (போடியிலிருந்து தேனிகூட அவ்வளவு தூரமில்லை!) முதலில் உயிர், மற்ற நடைமுறையெல்லாம் அப்புறம், அரசு, தனியார் என்ற பேதமும் கிடையாது என்றது தீர்ப்பு. அது டாக்டர்களைக் குறித்துச் சொன்னதுதான். ஆனால் ஸ்ட்ரெச்சர் பக்கம் முதலில் ஓடி வருவது நர்ஸ்தானே.

சிகிச்சை தொடங்கியதும் அடுத்த வேலை எழுதுவது. இங்கேதான் பலருக்கும் சட்டம் தெரிவதில்லை. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் பிடித்த காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் மருத்துவமனையில் சில நாட்கள் இருந்துதான் இறந்தார்கள். பெரிய தீக்காயம் பட்டவர்கள்கூட முதல் சில மணி நேரம் தெளிவாகப் பேசுவதுண்டு. ராத்திரி ஷிஃப்ட்டில் அதைக் கேட்க நர்ஸ்தான் இருப்பார். எப்படி இது நேர்ந்தது என்று நோயாளி அவரிடம் சொன்னது, நோயாளி இறந்துவிட்டால் நீதிமன்றத்தில் மரண வாக்குமூலம் ஆகலாம். 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் இது 32-வது பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷிய அதிநியமில் 26-வது பிரிவு.

மாஜிஸ்திரேட் வந்து பதிவு செய்வதே நல்லது. அதற்கு நேரமில்லை என்றால் நர்ஸிடம் சொன்னதையும் நீதிமன்றம் ஏற்கலாம். ஆனால் "உன் புருஷன்தானே பண்ணினான்?" என்று எடுத்துக்கொடுத்துக் கேட்கக் கூடாது. சொந்தக்காரர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நோயாளி சொன்ன வார்த்தையை அப்படியே, நேரம் போட்டு எழுத வேண்டும். டாக்டரிடமும் உடனே சொல்ல வேண்டும். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று விடுபவர்கள் உண்டு. வழக்கு கோர்ட்டுக்கு வர வருஷங்கள் ஆகும். அப்போது வக்கீல் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்கு எழுதினீர்கள் சிஸ்டர்?"