வரைகிறவர்களின் ஊர்

பிரான்சின் தென்மேற்கே, ஷரான்த் ஆற்றுக்கு மேலே ஒரு குன்றின் மீது இருக்கிறது அங்கூலேம். 40,000 பேருக்குச் சற்றே கூடுதலாக வாழும் ஊர். ஒரு காலத்தில் காகித ஆலைகளால் பெயர் பெற்றது. ஜனவரிக் கடைசியில் நான்கு நாள் இங்கே சர்வதேசச் சித்திரக்கதைத் திருவிழா நடந்துவந்தது. அந்த நான்கு நாளில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் வந்து போவார்கள். 1974இல் தொடங்கிய விழா. அந்த முதல் ஆண்டுக்குச் சுவரொட்டி வரைந்தவர் இத்தாலிய ஓவியர் ஹ்யூகோ பிராட். அவருடைய மாலுமி நாயகன் கோர்ட்டோ மால்டீஸ் இன்று வெண்கலச் சிலையாக ஆற்றுப் பாலத்தில் நிற்கிறான். போகிறவர்கள் அவன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ரயில் நிலையத்தின் முன்னால் ரெனே கோசினிக்கு ஒரு நினைவுத்தூண். தமிழில் நாம் படித்துச் சிரித்த லக்கி லூக் கதைகளில் மிகச் சிறந்தவற்றை எழுதியவர் அவர். தூணைக் கடந்து மேட்டில் ஏறினால் தெருப்பெயர்ப் பலகைகள் பேச்சு பலூன் வடிவத்தில், கீழே சின்ன வாலோடு, சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பக்கச் சுவர்கள் பலவற்றில் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரிய கதாபாத்திரங்கள். சுவரைத் தேர்ந்தெடுத்துத்தான் வரைந்திருக்கிறார்கள். சுவரின் பழைய வெடிப்பும் குழாயும் படத்துக்குள் வந்துவிட்டதால் எது சுவர், எது ஓவியம் என்று பிரிக்க இரண்டாம் முறை பார்க்க வேண்டியிருக்கிறது.

எர்ஜே தெருவில் எர்ஜேயின் மார்பளவுச் சிலை. டின்டினைப் படைத்தவரின் சிலையைச் செய்தவர் சீனச் சிற்பி சாங் சோங்ரென். 1934இல் பிரஸ்ஸல்ஸில் மாணவராக இருந்தபோது எர்ஜேக்குச் சீனாவைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவர். ‘நீலத் தாமரை’ கதையில் டின்டினின் நண்பனாக அதே பெயரில் வருகிறவர். கதைக்குள் பையனாக நின்றவர், கதையை வரைந்தவரின் முகத்தைத் தன் கையால் செய்து தந்திருக்கிறார். சிலைக்கு முன்னால் ஒரு பாட்டி பேத்தியின் மழைத்தொப்பியைச் சரிசெய்துகொண்டே அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பேத்தி பாட்டியைப் பார்க்கவில்லை, சிலையின் மூக்கில் நின்ற மழைத்துளி விழுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழாத் திடலில் பதிப்பாளர்களின் கூடாரங்கள். வெளியே தூறல், உள்ளே ஈரக் கம்பளி வாசம். இங்கே ஒரு வழக்கம் உண்டு. புத்தகம் வாங்கியவருக்கு ஓவியர் வெறும் கையெழுத்துப் போட்டுத் தருவதில்லை. உள்பக்கத்தில் ஒரு படமே வரைந்து தருகிறார். அதனால் வரிசை நகராது. வரிசையில் நிற்பவர்களுக்கு அது தெரியும். மடக்கு நாற்காலி, தெர்மாஸ், புத்தகங்கள் நனையாமலிருக்கப் பிளாஸ்டிக் உறை, இழுத்துக்கொண்டு போகச் சக்கரப் பை. நான் ஒரு மேசையின் பக்கவாட்டில், கூடாரத்தின் கம்பியோரம் நின்றுகொண்டேன். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடம்.

மேசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓவியர். மைப்புட்டி, தண்ணீர் டம்ளர், இரண்டு தூரிகைகள், கறைபடிந்த துணி. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் குதிரை வேண்டும் என்றான். ஓவியர் ஒரு கணம் யோசித்தார். குதிரை எளிதில் வசப்படாத விலங்கு. கால் மூட்டு ஒன்று தவறினால் மேசையாகிவிடும். பென்சிலால் முதுகின் வளைவை மட்டும் மெல்லத் தொட்டார். அந்த ஒரு கோட்டிலிருந்து கழுத்து புறப்பட்டது, கழுத்திலிருந்து பிடரி. பிறகு தூரிகையை மையில் நனைத்து, புட்டியின் விளிம்பில் வழித்து, மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தார். சிறுவனின் குதிகால்கள் தரையிலிருந்து எழும்பிவிட்டன. மேசை விளிம்பில் அவன் முகவாய் வந்து அமர்ந்தது. குதிரைக்குக் கண் வைத்த நேரத்தில் அவன் திரும்பித் தன் அப்பாவைப் பார்த்தான். எதையும் சொல்லவில்லை.

மை காயும் வரை புத்தகத்தை மூடக்கூடாது. சிறுவன் அதைத் தட்டுபோல் இரு கைகளில் ஏந்தி நடந்தான். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. அடுத்தவர் தன் புத்தகத்தை நீட்டுவதற்குள் ஓவியர் வலது கையை மேசைக்கு அடியில் கொண்டுபோய் நாலைந்து முறை உதறினார். விரல்களை மடக்கி மடக்கி விரித்தார். முன்னால் நின்ற எவருக்கும் அது தெரிய வழியில்லை. கை மேலே வந்தபோது முகத்தில் பழைய சிரிப்பு இருந்தது.

அதே கூடாரத்தில் வரிசை எதிலும் சேராமல் ஒரு பெரியவர் நின்றிருந்தார். அக்குளில் ஒரு பழைய ‘ப்ளூபெர்ரி’ சித்திரக்கதைப் புத்தகம். முதுகுத் துணி பிய்ந்து, ஓரங்கள் மழுங்கி, பலமுறை பசைபோட்டு ஒட்டியது. அவர் திறந்தபோது பார்த்தேன். உள்பக்கத்தில் தொப்பியின் நிழலில் பாதி மறைந்த முகம், கீழே ‘ழிர்’ என்ற கையெழுத்து. ழான் ழிரோ வரைந்தது. அறிவியல் புனைகதைகளுக்கு மொபியஸ் என்ற பெயரிலும், மேற்கத்தியக் குதிரைவீரர் கதைகளுக்கு ழிர் என்றும் கையெழுத்திட்டவர். 1981இல் இந்த விழாவின் பெரும் பரிசு பெற்றார். 2012 மார்ச்சில் மறைந்தார். ஆற்றங்கரையில் உள்ள சித்திரக்கதை மையத்தின் கட்டடம் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெரியவர் அந்தப் புத்தகத்தைக் கையெழுத்து வாங்கக் கொண்டுவரவில்லை. பக்கத்து மேசையில் காத்திருந்த இளைஞன் ஒருவனிடம் பிரித்துக் காட்டினார், மறுபடி மூடினார், நகர்ந்தார். காட்டத்தான் கொண்டுவந்திருக்கிறார்.

அந்தத் தொப்பி எனக்குப் பழக்கமான தொப்பி. சிவகாசியிலிருந்து வந்த லயன், முத்து காமிக்ஸில் ப்ளூபெர்ரிதான் கேப்டன் டைகர். ‘தங்கக் கல்லறை’யில் பாலைவனத்தில் நாக்கு வறண்டு நடந்தவன் அவன்தான். தமிழ்நாட்டில் அவனோடு சேர்ந்து வளர்ந்தவர்கள் ஏராளம். ஆனால் அவனை வரைந்த கைக்கு ஒரு பெயர் உண்டு என்பதை நம்மில் பலரும் மிகத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம். இரும்புக்கை மாயாவிக்கு நேர்ந்தது இன்னும் மோசம். 1972இல் முத்து காமிக்ஸ் அவனைக் கொண்டே தொடங்கியது. அவனை லண்டன் இதழுக்காக வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஜெசூஸ் ப்ளாஸ்கோ. அந்த நாளைய பிரிட்டிஷ் சிறுவர் இதழ்களில் வரைந்தவர் பெயரைப் போடும் வழக்கமே இல்லை. மூலத்திலேயே இல்லாத பெயர் சிவகாசிக்கு எப்படி வந்து சேரும்? கோபுலு, மணியம் என்று பத்திரிகைப் படத்தின் மூலையில் கையெழுத்தைப் பார்த்துப் பழகிய நாமே சித்திரக்கதைக்கு வந்ததும் மூலையைத் தேடாமல் விட்டுவிட்டோம்.

பேச்சரங்குகள் நடக்கும் கட்டடத்துக்கு ஃப்ரான்கின் பெயர். 1974இல் முதல் பெரும் பரிசு பெற்ற பெல்ஜிய ஓவியர். அரங்கில் இருட்டு. மேடையில் இரண்டு நாற்காலிகள், சிறு மேசை, பின்னால் திரை. காதில் மொழிபெயர்ப்புக் கருவியோடு பாதிப் பேர். பேச வந்திருந்த ஓவியருக்கு நரைத்த தலைமுடி, மையின் நிழல் போகாத விரல்கள். நெறியாளர் நன்றாகத் தயாரித்து வந்தவர். கருப்பொருள், அரசியல், முன்னோடிகள் என்று கேள்விகள் நீண்டன. அந்த அம்மையார் சுருக்கமாகப் பதில் சொன்னார். சொல்லும்போதே ஒலிவாங்கி பிடிக்காத கை மடியில் எதையோ வரைந்துகொண்டிருந்தது.

திரையில் அவருடைய பக்கம் ஒன்று விழுந்ததும் எல்லாம் மாறியது. எழுந்தார். திரைக்கு அருகே போய், இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெள்ளை இடைவெளியில் விரல் வைத்தார். முதல் கட்டத்தில் ஒரு பெண் கதவைத் திறக்கிறாள். அடுத்ததில் காலி நாற்காலி. அவள் முகத்தை முதலில் வரைந்திருந்ததாகவும் பிறகு அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டதாகவும் சொன்னார். முகத்தை வரைந்தால் வாசகர் அவளைப் பார்ப்பார், வரையாவிட்டால் அவள் பார்ப்பதைப் பார்ப்பார் என்றார். அரங்கம் முழுக்க முன்னால் சாய்ந்தது. எனக்கு முன்வரிசையில் ஊர் ஓவியக் கல்லூரி மாணவி போலிருந்த ஒருத்தி, குறிப்பேட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கட்டம் கட்டமாக வரையத் தொடங்கினாள்.

இதற்காகவே இந்த விழாவை மெச்சுகிறேன். கதையைப் பற்றிப் பேச எல்லா ஊரிலும் மேடை இருக்கிறது. ஒரு கோடு ஏன் அங்கே நின்றது, ஒரு கட்டம் ஏன் நீக்கப்பட்டது என்பதை வரைந்தவர் வாயாலேயே நூற்றுக்கணக்கானோர் காசு கொடுத்து வந்து, மழையில் நனைந்து உட்கார்ந்து கேட்கும் ஊர் எத்தனை இருக்கிறது? நம் புத்தகக் காட்சிகளின் மாலை மேடைகளில் எழுத்தாளர்கள் பேசுகிறார்கள், பட்டிமன்றக்காரர்கள் பேசுகிறார்கள். அட்டைப்படம் வரைந்தவர் அந்த மேடையேறி நான் கண்டது மிக அரிது.

ஆனால் அங்கூலேம் மேடைக்குப் பெண்கள் வந்து சேர வெகுகாலம் பிடித்தது. 2016இல் பெரும் பரிசுக்கென அறிவிக்கப்பட்ட 30 பெயர்களில் ஒரு பெண்ணும் இல்லை. அதற்கு முந்தைய நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் அந்தப் பரிசை முறையாகப் பெற்ற பெண் ஃப்ளோரான்ஸ் செஸ்தாக் ஒருவரே, அதுவும் 2000இல். பெண் ஓவியர்கள் புறக்கணிப்புக்கு அழைத்தார்கள். பட்டியலில் இருந்த ரியாத் சத்தூஃப், டேனியல் க்ளோஸ் போன்ற ஆண்கள் தங்கள் பெயரை எடுக்கச் சொன்னார்கள். கடைசியில் பட்டியலையே கைவிட்டார்கள். அந்த ஆண்டு பரிசு நம் கேப்டன் பிரின்ஸை வரைந்த ஹெர்மனுக்குப் போனது. பிறகு 2019இல் ஜப்பானின் ரூமிகோ தகஹாஷி, 2022இல் ஜூலி தூசே, 2024இல் போஸி சிம்மண்ட்ஸ், 2025இல் அனூக் ரிகார். கேட்டுப் பெற்றதுதான்.

சனிக்கிழமை இரவு போலிருக்கிறது, அத்தனை கூட்டம். நாடக அரங்கில் ஓவியக் கச்சேரி. ஒருபுறம் இசைக் கலைஞர்கள். மறுபுறம் சாய்மேசைகளில் ஓவியர்கள். மேலிருந்து ஒரு கேமரா அவர்கள் காகிதத்தைப் பெரிய திரைக்கு அனுப்புகிறது. 2005இல் விழாத் தலைவராக இருந்த ஓவியர் ஸெப், இசைக் கலைஞர் அரெஸ்கி பெல்காசெமோடு சேர்ந்து தொடங்கி வைத்த வழக்கம் இது. யாரும் பேசுவதில்லை. வயலின் ஏறும்போது திரையில் ஒரு மலை ஏறியது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் கை உள்ளே வந்தது. கறுப்பு மை முழுவதும் பரவி எல்லாம் போயிற்று என்று நினைக்கையில், வெள்ளை வண்ணத்தில் ஒரு புள்ளி, பிறகு இன்னொன்று. ஜன்னல்கள். ஒரு நகரமே விளக்கேற்றிக்கொண்டது. எனக்கு அடுத்த இருக்கையில் ஒரு மூதாட்டி மடியில் ஆள்காட்டி விரலால் அதே ஜன்னல்களை வைத்துக்கொண்டிருந்தார். கைத்தட்டல் எழுந்தபோது மேடையில் நின்றவர்கள் பழக்கமில்லாதவர்களைப் போலக் கூச்சத்தோடு குனிந்தார்கள். தனி அறையில் வேலை செய்கிறவர்கள். வேலை நடக்கும்போதே பாராட்டைக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்கு வேறெங்கே?

பாராட்டு அரிசி வாங்கித் தருவதில்லை. 2016 ஜனவரியில் பிரெஞ்சுச் சித்திரக்கதைக் கலைஞர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று வெளியானது. பதில் அளித்தவர்களில் 53 விழுக்காட்டினர் சட்டப்படியான குறைந்தபட்ச ஆண்டு ஊதியத்துக்கும் கீழேதான் சம்பாதித்திருந்தார்கள். 36 விழுக்காட்டினர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. பெண்களை மட்டும் எடுத்தால் 67, 50. கூடாரத்தில் வரைந்து தரும் குதிரைக்கு நெடுங்காலம் சம்பளம் என்று எதுவும் இருந்ததில்லை. 2020ஐச் சித்திரக்கதை ஆண்டு என்று பிரெஞ்சு அரசு அறிவித்துக் கொண்டாடிய அதே ஜனவரியில், அங்கூலேமில் ஓவியர்கள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள். மேசைக்கு அடியில் உதறிய கை ஒருமுறை மேசைக்கு மேலே வந்தது என்றுதான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

53ஆவது விழா 2026 ஜனவரியில் நடந்திருக்க வேண்டும். விழாவை நடத்தும் முறையை ஏற்காத ஓவியர்கள் நூற்றுக்கணக்கில் வரமாட்டோம் என்று சொன்னார்கள். அனூக் ரிகாரும் அவர்களோடு நின்றார். பெரிய பதிப்பகங்களும் விலகின. 2025 டிசம்பர் தொடக்கத்தில் விழா ரத்தானது. கூடாரமும் பணமும் விளம்பரமும் எல்லாம் இருந்தும், வரைகிறவர் வராவிட்டால் விழா இல்லை. அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

நம் பங்குக்குச் செய்ய ஒன்று இருக்கிறது. வீட்டு அலமாரியில் பழைய முத்து காமிக்ஸோ லயன் காமிக்ஸோ இருந்தால் எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள். வரைந்தவர் பெயர் இல்லையென்றால் பென்சிலால் எழுதி வையுங்கள். மாயாவி, ஜெசூஸ் ப்ளாஸ்கோ. ஸ்பைடர், ரெக் பன். கேப்டன் டைகர், ழான் ழிரோ. பிரின்ஸ், ஹெர்மன். டெக்ஸ் வில்லருக்கு முதல் உருவம் தந்தவர் அவுரேலியோ கலெப்பினி. பிள்ளைகளுக்கு அந்தக் கதைகளைச் சொல்லும்போது இந்தப் பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.