இறம்பொடை இறக்கமும் பழைய காரின் பிறேக்கும்

நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும் வீதியைப் போலக் கண்ணுக்கு விருந்தளிக்கும் வீதிகள் நம் நாட்டிற் சிலவே. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நகரைவிட்டுப் புறப்பட்டு, முதலிற் சிறிது ஏறி, பின்னர் இறங்கத் தொடங்கினால், கம்பளையை அடையுமுன் 1,300 மீற்றருக்கு மேல் இறங்கிவிடுகிறோம். லபுக்கலையின் தேயிலைச் சரிவுகளிலே கூடை சுமந்து கொழுந்தெடுக்கும் பெண்கள் பனிமூட்டத்தினூடே தோன்றி மறைவர். வளைவுக்கு வளைவு காட்சி மாறும். 109 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் இறம்பொடை அருவியின் ஓசை, அதனைக் காணுமுன்னரே காதில் விழும். கீழே, 1985ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அணையினால் உருவான கொத்மலை நீர்த்தேக்கம் கண்ணாடிபோல் விரிந்து கிடக்கும்.

எனினும் இவ்வழகிய வீதி கடுமையானதும் ஆகும். 2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆந் தேதி, இதே வீதியில் கெரண்டிஎல்ல என்னுமிடத்திலே பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்ததில் 20இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பாதாளமுமாக உள்ள இவ்விடத்தில், தவறு நேர்ந்தாற் சமாளித்துக்கொள்ள இடமில்லை.

இவ்வழியே நண்பர் ஒருவரின் மொரிஸ் மைனர் காரில், சிறுவர் இருவருடன் நாம் பிரயாணஞ் செய்தோம். 1948இல் அறிமுகமாகி 1971 வரை இங்கிலாந்திலே செய்யப்பட்ட இவ்வினக் கார், பத்து இலட்சம் என்னும் தொகையை எட்டிய முதற் பிரித்தானியக் கார் என்ற பெருமையுடையது. நம் நாட்டு வீதிகளில் இன்றும் இதனைக் காணலாம். சாரதியின் காலடியில், தரைத்தகட்டின் கீழே, இதன் மாஸ்டர் சிலிண்டர் மறைந்திருக்கிறது. அங்கிருந்து புறப்படும் ஒரே குழாய்த் தொடரே நான்கு சில்லுகளுக்கும் பிறேக் ஒயிலைக் கொண்டு செல்கிறது. இக்காலக் கார்களிலே தொடர் இரண்டாதலின் ஒன்று பழுதுபட்டாலும் மற்றது காக்கும். இதிலோ ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சில்லுகளும் பிடிப்பை இழக்கும். அப்போது எஞ்சி நிற்பது, கம்பியினால் பின் சில்லுகளை இழுக்கும் கைப்பிறேக் மட்டுமே.

லபுக்கலையைக் கடந்து சிறிது தூரஞ் சென்றதும், பெடல் வழமையைவிட ஆழமாக இறங்குவதை நண்பரின் கால் உணர்ந்தது. வண்டி நின்றதென்னவோ உண்மைதான்; ஆனால் பஞ்சை மிதித்ததுபோல் இருந்ததாம். அவர் அடுத்த வளைவுவரை பொறுத்துப் பார்க்கவில்லை. முதலாம் கியருக்கு மாற்றி, கைப்பிறேக்கில் கையை வைத்தபடியே, தேநீர்க் கடையொன்றின் முன்னிருந்த அகன்ற இடத்தில் வண்டியை ஒதுக்கினார். சில்லுக்குக் கல் அணைத்தோம். கடைக்காரர் சொல்லியனுப்ப, முதிய மெக்கானிக் ஒருவர் முச்சக்கர வண்டியில் வந்து சேர்ந்தார்.

வந்தவர் ஆயுதப் பெட்டியைத் திறக்கவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்: “மிதிச்சா பெடல் எறங்கிக்கிட்டே போகுதா, இல்ல ஒரு எடத்துல நிக்குதாங்க ஐயா?”

நோயறிதல் முழுவதும் இக்கேள்வியில் அடங்கும் என்பதை அவர் பின்னர் விளக்கினார். பெடல் ஆழமாக இறங்கி, அங்கே கல்போல் உறுதியாக நின்றால், ஷூக்கள் தேய்ந்து டிரம்மிலிருந்து விலகியுள்ளன என்பது பொருள். சரிப்படுத்தும் திருகைச் சில்லு உராயும்வரை இறுக்கி, தடையின்றிச் சுழலுமளவுக்குச் சிறிது தளர்த்தினாற் போதும். பெடல் பஞ்சுபோல் அமுங்கி, பலமுறை மிதித்தபின் உயர்ந்து வந்தாலும் அந்தத் துள்ளல் நீங்காதிருந்தால், குழாயிற் காற்றுப் புகுந்திருக்கிறது. திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். ஆதலால் காலின் வலு சில்லைச் சேராமற் காற்றை நெருக்குவதிலேயே கழிந்துவிடுகிறது. அழுத்திப் பிடித்திருக்கையில் பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கிச் சென்றாலோ, மாஸ்டர் சிலிண்டரின் உள் றப்பர் தேய்ந்துள்ளது, அல்லது எங்கோ ஒயில் ஒழுகுகிறது.

நான்காவதொன்றும் உண்டு. பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 என்னும் வகை, புதிதாயிருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியசிலும், போதிய ஈரம் ஏறியபின் 155 பாகை அளவிலும் கொதிக்கலாம். நீண்ட இறக்கத்திலே பிறேக்கை மிதித்தபடியே வந்தால் டிரம்கள் சூடேறி, ஈரமேறிய ஒயில் ஆவியாகும். ஆவியும் காற்றைப்போல் அமுங்குமாதலின் பெடல் திடீரெனத் தளரும். ஆறியதும் பழையபடி உறுதியாகும். அதைக் கண்டு நோய் தீர்ந்ததென நம்பிப் புறப்படுவது பேராபத்து.

நம் வண்டியிலோ, ஆறியபின்னும் பெடலின் துள்ளல் நீங்கவில்லை. ஒயில் மட்டமும் குறைந்திருந்தது. ஒவ்வொரு சில்லாகக் கழற்றிப் பார்த்தபோது, பின்புற இடப்பக்கச் சிலிண்டரின் தூசுறையை விலக்கியதும் ஈரம் தெரிந்தது. ஷூக்களில் ஒயில் படாதது நற்பேறே. பட்டிருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டியிருந்திருக்கும். இளைஞனொருவன் பஸ்ஸேறிக் கம்பளைக்குச் சென்று, புதிய றப்பர் வாஷர்களுடன் பிற்பகலில் மீண்டான். மெக்கானிக் சிலிண்டரைப் பிறேக் ஒயிலினாலேயே கழுவினார். மண்ணெண்ணெயோ எஞ்சின் ஒயிலோ பட்டால் றப்பர் ஊதிக் கெட்டுவிடும் என்றார்.

பின்னர் காற்றெடுக்கும் வேலை. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள பின்புற இடச் சில்லிலே தொடங்கினர். நிப்பிளில் மாட்டிய றப்பர்க் குழாயின் மறுமுனையை, ஒயிலுள்ள கண்ணாடிப் போத்தலுக்குள் அமிழ்த்தினர். நண்பர் பெடலை மிதிக்க, மெக்கானிக் நிப்பிளைத் திறந்தார். கால் எடுக்குமுன் மூடினார். போத்தலில் எழுந்த குமிழிகளைச் சிறுவர்கள் எண்ணிக் களித்தனர். குமிழிகள் நின்றதும் பின்புற வலம், முன்புற இடம், முன்புற வலம் என்ற ஒழுங்கிலே வேலை தொடர்ந்தது. இடையிடையே மாஸ்டர் சிலிண்டரின் ஒயில் குறையாது நிரப்பிக்கொண்டனர். அது வற்றினால் மீண்டும் காற்றுப் புகும். போத்தலில் வடிந்த ஒயிலைத் திரும்ப ஊற்றவில்லை.

முடிவிற் பெடல் உயர்ந்து, உறுதியாக நின்றது. ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துப் பார்த்தோம், இறங்கவில்லை. மெதுவாக ஓட்டிப் பலமுறை நிறுத்திப் பார்த்த பின்னரே பிரயாணத்தைத் தொடர்ந்தோம். புசல்லாவையை அடைந்தபோது மாலை மங்கிவிட்டது. அருவியைக் காண எண்ணிய நேரம் முழுவதும் தேநீர்க் கடையிலே கழிந்துபோயிற்று. எனினும் சிறுவர்கள் அதனைக் குறையாகக் கருதவில்லை.

பழைய கார் வைத்திருப்போர் மலைநாட்டுக்குச் செல்லுமுன் ஒயில் மட்டத்தையும் நான்கு சில்லுகளின் உட்புறத்தையும் பார்த்துக்கொள்வது நன்று. இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுவதும் அவசியம். இறக்கத்தில், ஏறுவதற்கு வேண்டிய கியரிலேயே இறங்குக. பிறேக்கைத் தொடர்ந்து உராயவிடாது, வேண்டியபோது உறுதியாக மிதித்து விடுக. இவையனைத்தினும் மேலாக, பெடல் மெலிந்ததெனக் கால் சொன்ன கணத்திலேயே நிறுத்தும் மனம் வேண்டும். எத்தனை மணிநேரம் பிந்தினாலும், வீட்டார் அனைவரும் ஒன்றாய்ச் சென்று சேர்வதே பிரயாணத்தின் பயனாகும்.