இரு பக்கமும் சமம்

எட்டாம் வகுப்பு. மதியச் சாப்பாடு முடிந்த பாடவேளை. கரும்பலகையில் ஒரே ஒரு வரி:

5 எக்ஸ் − 9 = 2 எக்ஸ் + 6

"ஒரு மாறியில் நேரிய சமன்பாடு. போடுங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் சாக்பீஸை மேசையில் வைக்கிறார்.

மூன்றாம் வரிசைச் சிறுமி 'தீர்வு' என்று எழுதி அடிக்கோடிடுகிறாள். உதடுகள் முணுமுணுக்கின்றன. 2 எக்ஸ் இடப்பக்கம் வருகிறது, குறி மாறுகிறது. −9 வலப்பக்கம் போகிறது. குறி அப்படியே நிற்கிறது. 3 எக்ஸ் = −3. எக்ஸ் = −1. விடையைச் சுற்றிக் கட்டம் கட்டுகிறாள்.

"எனக்கு அஞ்சுடி" என்கிறாள் பக்கத்தில் இருப்பவள். இருவரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

டீச்சர் விடையைச் சொல்லவில்லை. "சரிபார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்கிறார்.

எக்ஸ் இருந்த இடத்தில் −1. இடப்பக்கம் −14, வலப்பக்கம் 4. பென்சில் நின்றுவிடுகிறது. அடுத்து 5. இடப்பக்கம் 16, வலப்பக்கமும் 16. அழிப்பானைத் தேடுகிறாள்.

"ஒன்பது எப்படிம்மா அந்தப் பக்கம் போச்சு?"

"தாண்டிப் போச்சு டீச்சர்."

"எண் தாண்டுமா? இங்க ஒன்பது குறைஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும் ஒன்பதைக் கூட்டிப் பாரு."

இடப்பக்கத்து −9 இல்லாமல் போகிறது. வலப்பக்கம் 6, 15 ஆகிறது. 'ஆங்' என்கிறாள். எல்லோரும் எழுதாமல் தாண்டும் அந்த நடுவரியை நிதானமாக எழுதுகிறாள்.

கழித்த எண்ணை இரு பக்கமும் கூட்டி நீக்கும் இந்தப் படியை 9ஆம் நூற்றாண்டு பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி விளக்கியிருக்கிறார். அவரிடம் எக்ஸ் கிடையாது, சமக்குறியும் கிடையாது; கணக்கு முழுவதும் வாக்கியங்கள்தான். சமக்குறி 1557இல் ராபர்ட் ரெக்கார்டின் நூலில் வந்தது. நீளம் ஒத்த இரு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்பது அவர் கண்ட காரணம்.

டீச்சர் அடுத்த கணக்கை எழுதுகிறார். இம்முறை கட்டம் கட்டுமுன் சிறுமி விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கிறாள்.

'பக்கம் மாறினால் குறி மாறும்' என்ற சூத்திரம் வேகத்துக்கு உதவும். காரணம் புரிந்த பிறகு வரட்டும். விடை சரியா என்று பிறர் முகத்தைப் பார்க்காமல் தானே தீர்ப்புச் சொல்லும் துணிவைப் பதின்மூன்று வயதுக்குத் தருகிறது இயற்கணிதம். அதைக் கற்றுத்தராமல் எந்த வகுப்பும் இந்தப் பாடத்தை முடிக்கக் கூடாது.